பளிச்சக்கா மேடு ஏறினார்

மனித குலத்தைப் பற்றிப் பளிச்சக்காவுக்கு நல்ல அபிப்பிராயம் என்றைக்குமே இருந்ததில்லை. மற்றவர்கள் ஆளை முகத்தைப் பார்த்து எடைபோடுகிறார்கள். அக்கா காலரைப் பார்த்து எடைபோட்டவர். முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாம், பவுடர் பூசிக்கொண்டு வரலாம், அதன்மேல் ஒரு புன்னகையையும் ஒட்டிக்கொண்டு வரலாம். காலருக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது.

கடைவீதி வளைகிற இடத்தில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவில் இருந்தது அவருடைய சலவைக்கடை. கண்ணாடிக் கதவு. உள்ளே துணி வாங்கிப் போடும் நீள மேசை. அதற்குப் பின்னால் எந்நேரமும் வயிறு உருண்டுகொண்டிருக்கும் இரண்டு பெரிய இயந்திரங்கள். மேலே கம்பியில், பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் தலையில்லாத கனவான்களைப் போல வரிசையில் தொங்கும். திரைக்குப் பின்னால் ஆவி பறக்கும் இஸ்திரி மேசை. அங்கே அக்காவின் தம்பி. மாடியில் இரண்டு அறை. அங்கேயும் அக்காவும் தம்பியும்தான். அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வரி கட்டும் நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்றபடி ஊருக்கெல்லாம் பளிச்சக்கா.

சலவைத் தொழிலில் முதல் பாடம் பாக்கெட்டைத் துழாவுவது. ஒரு பேனா கண்ணில் படாமல் இயந்திரத்துக்குள் போய்விட்டால் போதும், ஊரில் பாதிப்பேர் சட்டை நீலமாகிவிடும். ஆகவே ஒரு துணி கைக்கு வந்தால் அக்காவின் விரல்கள் அக்காவைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிடும். அந்த விரல்கள் கண்ட உலகம் கொடியது. சப்பிப் பாதியில் நிறுத்திய மிட்டாய். பஸ் டிக்கெட்டில் பொட்டலம் கட்டிய நகத்துண்டுகள். ஒழுக்கத்தைப் பற்றி மேடைதோறும் பேசும் ஒரு பேராசிரியரின் கோட்டில் கடித்து முடித்த கோழிக்கால். ஒருமுறை முழுப் பல்செட் ஒன்று மேசைமேல் விழுந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தது. "இதுங்களுக்குத் துணி ஒரு கேடு" என்று அன்று சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அந்தத் தீர்ப்பைத் திருத்த வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

கல்யாணம் ஆகவில்லை. வரன் வராமல் இல்லை. வந்த ஒவ்வொருவரும் வரும்போது கழுத்தையும் கொண்டுவந்தார்கள், கழுத்தைச் சுற்றிக் காலரையும் கொண்டுவந்தார்கள்; பேச்சு அத்தோடு முடிந்தது.

தம்பியின் கதை வேறு. தாய் போனபோது அவன் தவழ்கிற குழந்தை. தொட்டில் துணியிலிருந்து அவனுடைய ஒவ்வொரு துணியையும் அக்காதான் துவைத்தார். காய்ச்சல் வந்தால் போர்வையைக் கொதிநீரில் போடுவார். அழுதால் தலையணை உறையை மாற்றுவார். பாசத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தம்பியும் பளிச்சென்று வளர்ந்தான். காதோரம் நரைத்த பிறகும் அக்கா சொல்லைத் தட்டாதவன். முன்பொருமுறை தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னான். அக்கா, "அவ நகத்தப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். தம்பி மறுநாள் போய் நகத்தைப் பார்த்தான். அத்தோடு அந்தக் காதல் வடிகால் வழியே போய்விட்டது.

இப்போது மறுபடியும் ஒன்று.

"அக்கா, கால்நடை ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருக்காங்கல்ல..." என்று இஸ்திரிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே தொடங்கினான்.

"யாரு? அந்த ஆட்டு ரத்தக் கோட்டா?"

"கோட்டு இல்லக்கா. அதுக்குள்ள இருக்கிறவங்க."

"எனக்குக் கோட்டத்தான் தெரியும். வாராவாரம் வருதே! ரத்தம், ரோமம், அப்புறம் என்னன்னே தெரியாத பச்சையா ஒண்ணு. நானே மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் எடுப்பேன். அதப் போய்..."

"கட்டிக்கலாம்னு இருக்கோம்க்கா. அவங்களுக்கு அங்கேயே ஆஸ்பத்திரி வீடு குடுத்திருக்காங்க. நீ ஒரு தடவ பாரு. நீ வேண்டாம்னா வேண்டாம். நான் மறுபேச்சு பேச மாட்டேன்."

பேச மாட்டான். அது அக்காவுக்குத் தெரியும். ஒரு சொல் போதும். தம்பி தலையாட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விடுவான். கடை இருக்கும், மாடி இருக்கும், இரவு இரண்டு தட்டு இருக்கும். அந்தச் சொல் வாயிலிருந்து வராமல் போனால் ஒரே தட்டு. ஆகவே 'வேண்டாம்' என்ற சொல்லை அக்கா முன்கூட்டியே துவைத்து, மடித்து, தயாராக வைத்துக்கொண்டார். ஆளைப் பார்ப்பது ஒரு சம்பிரதாயம்தான்.

சம்பிரதாயத்துக்கு எங்கே கூப்பிட்டார்கள் என்று பாருங்கள். நல்ல மேசை விரிப்புள்ள ஓட்டலுக்கா? இல்லை. ஊருக்கு வெளியே, மரமே இல்லாத மேட்டுநிலத்தின் உச்சிக்கு! கம்பவுண்டரம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே நடக்காவிட்டால் சோறு இறங்காதாம்.

"சின்ன நடைதான்க்கா. ரொம்ப சுலபம்" என்றான் தம்பி.

அக்கா வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மேட்டின் அடிவாரத்தில் பஸ் நின்றது. ஒரு பலகை: 'உச்சிக்குச் செல்லும் குறுகிய, எளிய நடைபாதை. குடும்பத்தினர் அனைவருக்கும் ஏற்றது.' பலகையின் மேல் பறவைகள் தங்கள் அபிப்பிராயத்தைத் தாராளமாக விட்டுவிட்டுப் போயிருந்தன. பலகைக்குக் கீழே கம்பவுண்டரம்மா. அகன்ற எலும்பு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கலைந்த தலை, பெரிய குரல். மேலே ஒரு கனத்த கோட்டு. ஆஸ்பத்திரிக் கோட்டு இல்லை. ஆனால் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி.

"வாங்க அண்ணி!" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

அண்ணியா! கட்டிக்கொண்ட பிறகு கூப்பிட வேண்டிய முறை, பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் வந்துவிட்டது. அக்கா அந்தக் கைகளைப் பார்த்தார். நகங்கள் வெட்டித்தான் இருந்தன. அது ஒரு ஏமாற்றம்.

"கையக் கழுவிட்டுத்தான் வந்தேன் அண்ணி. காலையில ஒரு ஆட்டுக்குப் பிரசவம். குட்டி குறுக்க மாட்டிக்கிச்சு. முழங்கை வரைக்கும் உள்ள விட்டுத் திருப்பி எடுத்தேன். தாயும் குட்டியும் சுகம்."

அக்கா கும்பிடு போட்டார். தூரத்திலிருந்து வணக்கம் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தவர் ஒரு மகான் என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தோன்றியது.

மேட்டுநிலம் என்று பெயர்தானே தவிர, அதை ஆண்டவன் துவைக்காமலே உலகத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டான் என்பது அக்காவின் கருத்து. கண்ணுக்கு எட்டிய வரை முழங்கால் உயரப் பழுப்புப் புதர். இஸ்திரி கண்டிராத சுருக்கம் சுருக்கமான தரை. காலடியில் ஊறிப்போன கறுப்பு மண். மிதித்தால் சளக் என்று ஒரு சத்தம் போட்டு, காலை எடுத்தால் முத்தமிட்டதைப் போல இன்னொரு சத்தம் போடும். அங்கங்கே ஓடிய தண்ணீர் ஆறிப்போன தேநீர் நிறம். புல் இருந்த இடத்தில் புல்லைவிட ஆட்டுப் புழுக்கை அதிகம்.

இதைப் பார்க்கத்தான் ஒரு ஊரே வந்திருந்தது. ஒரு குடும்பம் பாதையில் உட்கார்ந்து அவித்த முட்டை உரித்து, ஓட்டை இயற்கைக்குக் காணிக்கையாக்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் ஆழ மூச்சிழுத்து, "ஆகா, சுத்தமான காத்து" என்று சொல்லி, அதே மூச்சில் காறித் துப்பினார். ஒரு நாய் குட்டையில் விழுந்து எழுந்து, எத்தனையோ பேர் இருக்க, அக்காவின் பக்கத்தில் வந்து உடம்பை உதறியது.

"அதோ பாருக்கா, பாறைக்கிட்டல்லாம் வெள்ளையா பூ பூத்திருக்கு" என்றான் தம்பி, பேச்சை மாற்ற.

அக்கா ஆசையாகத்தான் கிட்டப் போனார். பூ இல்லை. பாறைக்குப் பின்னால் ஒதுங்கியவர்கள் விட்டுப்போன காகிதம். பாறைக்குப் பாறை பூத்துக் கிடந்தது.

"சீ! இதுக்குத்தான் எளிய நடைன்னு போட்டிருக்கான். ஒதுங்க எளிசா இருக்கு."

கம்பவுண்டரம்மா பாதையெல்லாம் அதிரச் சிரித்தார். சிரித்துவிட்டு, ஒரு குச்சியை எடுத்துக் கீழே கிடந்த புழுக்கைக் குவியலைக் கிளறினார்.

"இங்க பாருங்க அண்ணி. உருண்டையா, கெட்டியா, தனித்தனியா. எவ்வளவு அழகு! இந்த ஆட்டுக்கு வயித்துல ஒரு கோளாறும் இல்ல."

"எனக்கு இருக்கும்மா" என்றார் அக்கா.

தம்பி இரண்டு பேருக்கும் நடுவில், அதிகச் சூட்டில் வைத்த துணியைப் போல வதங்கிக்கொண்டே நடந்தான். அக்காவோ உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தார். வெறுக்க வேண்டும் என்று வந்தவருக்கு இவ்வளவு சரக்கை ஒரே இடத்தில் கொட்டிவைத்திருக்கிறார்களே! சொல்ல வேண்டிய சொல்லுக்குச் சாட்சியங்கள் காலடி தோறும் கிடந்தன. கீழே இறங்கியதும் சொல்லிவிடலாம் என்றிருந்தார்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாதையை மறித்துக் கறுப்புச் சேறு. கம்பவுண்டரம்மா பூட்ஸோடு நடந்து கடந்தார். தம்பி தாவினான். அக்கா நாகரிகமாக ஓரத்தில் கால்வைத்தார். ஓரம் என்று அங்கே ஒன்று இல்லை. இடது கால் முழங்கால் வரை உள்ளே போனது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது. ஷூ வரவில்லை. சேறு ஒருமுறை ஏப்பம் விட்டுவிட்டு அமைதியானது.

"நீங்க மேல போங்க. நான் எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று தம்பி அங்கேயே மண்டியிட்டுக் கையைவிட்டான். தும்பைப்பூ போல இஸ்திரி போட்ட சட்டை! அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

கம்பவுண்டரம்மா ரொட்டி சுற்றிவந்த பிளாஸ்டிக் பையை உதறி அக்காவின் காலில் மாட்டி, கயிற்றால் கட்டிவிட்டார். லாடம் கட்டும் கைத்தேர்ச்சி. அப்படியாகப் பளிச்சக்கா, ஒரு காலில் வெள்ளை ஷூவும் மறு காலில் ரொட்டிப் பையுமாக, சரசரவென்று சத்தமிட்டுக்கொண்டு உச்சியை அடைந்தார்.

உச்சியில் ஒரு கற்குவியல் இருந்தது. வேறொன்றும் இல்லை. நாலா பக்கமும், ஏறிவந்த அதே பழுப்பு. காற்று மட்டும் அடிவாரத்தில் இருந்ததைவிடக் கூடுதலாக ஆட்டு வாடையைக் கொண்டுவந்து கொடுத்தது. குளிரில் அக்காவுக்குப் பல் கிட்டியது.

"நடுங்குறீங்களே அண்ணி, இதப் போட்டுக்குங்க" என்று கம்பவுண்டரம்மா தன் கோட்டைக் கழற்றி நீட்டிவிட்டு, ஃப்ளாஸ்க்கைத் திறக்கக் குனிந்தார்.

கோட்டு கைக்கு வந்தது. அக்கா அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த விரல்கள், கடை மேசையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு, பாக்கெட்டுக்குள் போய்விட்டன.

கற்குவியலின் தட்டையான கல் மேசையானது. மாட்டு மாத்திரை ஒன்று. ஒரு முழம் சணல். பாதி நாய் பிஸ்கட். மறு பாதியை நாய்தான் தின்றது என்று நம்ப அக்கா பிரியப்பட்டார். ஏதோ ஒரு பிராணியின் பல். ஒரு பந்து அழுக்கு ரோமம். எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, உள்பாக்கெட்டில் கைவிட்டு, பொத்தானைக் கழற்றி, கடைசியாக ஒன்றை வெளியே எடுத்தார். எடுத்த பிறகுதான், தான் கடையில் இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

கம்பவுண்டரம்மா தேநீர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த அகன்ற முகம் காதுவரை சிவந்துவிட்டது.

அக்காவின் கையில் இருந்தது ஒரு ஆண்பிள்ளைக் கைக்குட்டை. ஓரத்தில் நீல நூலில் போட்ட கடைக் குறி, அக்காவே தைத்தது. காணாமல் போய்விட்டது என்று தம்பியை ஒரு வாரம் திட்டித் தீர்த்த அதே கைக்குட்டை. துவைக்கவில்லை. அப்பளம் போல விறைத்து, மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டு... அது என்ன கறை என்று சொல்ல அக்காவுக்கு நிபுணத்துவம் தேவைப்படவில்லை. எந்தத் தாய்க்கும் தெரியும்.

"சளி!" என்றார் அக்கா.

"அண்ணி... அதத் துவைச்சுராதீங்க."

"என்னது?"

"முதல் தடவ கோட்டு குடுக்க வந்தப்போ அவருக்குப் பயங்கர சளி. தும்மித் தும்மி மூக்கெல்லாம் செவந்து... அப்பக்கூட, 'கோட்டுமேல தும்மிட்டேங்க, திரும்ப எடுத்துட்டுப் போய்த் துவைச்சுத் தர்றேன்'னு நிக்கிறாரு. எங்க ஆஸ்பத்திரியில கோட்டு சுத்தமா இருக்கணும்னு அக்கறைப்பட்ட முதல் மனுஷன் அண்ணி! போறப்ப இத மேசையில விட்டுட்டுப் போயிட்டாரு. குடுத்துரலாம்னுதான் பாக்கெட்ல போட்டேன். அப்புறம் குடுக்க மனசு வரல."

"வச்சுக்கோயேன். யாரு வேண்டாம்னா? துவைச்சு வச்சுக்கக் கூடாதா?"

"துவைச்சா அது வெறும் துணிதானே அண்ணி. கடையில வாங்கிக்கலாமே."

வாழ்நாளில் அந்த மேசைக்கு வந்த கோழிக்கால், பல்செட், நகப் பொட்டலம் எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தாலும் இதற்கு ஈடில்லை. இவள் இதை நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டு மேடெல்லாம் ஏறுகிறாள்! எத்தனை மாதமோ! இதைவிட அருவருப்பான ஒன்றை யோசித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. 'வேண்டாம்' தொண்டை வரை வந்து நின்றது.

அங்கே நின்றதோடு சரி. ஏனென்றால், அக்கா வேண்டாத வேலையாக, தன் வீட்டை நினைத்துப் பார்த்துவிட்டார். தம்பி நாளைக்கே கிளம்பிவிட்டால் அந்த மாடியில் அவனுடையது என்று என்ன மிஞ்சும்? தலையணை உறை? நேற்றுத்தான் மாற்றினார். போர்வை? கொதிநீர் கண்டது. தொட்டில் துணி முதற்கொண்டு நேற்றுப் போட்ட பனியன் வரை எதிலும் தம்பியின் வாசனை ஒரு சொட்டு இல்லை. எல்லாம் நல்ல சோப்பு வாசனை. அவனை அவர் ஒருநாள் விடாமல் துவைத்து அலசி ஊற்றியிருந்தார். உலகத்தில் தம்பி என்று ஒருவன் இருந்ததற்கு மிஞ்சிய ஒரே அத்தாட்சி, இந்தச் சாணி கிளறும் பெண்ணின் உள்பாக்கெட்டில் விறைத்துப்போய்க் கிடந்தது.

பளிச்சக்கா தன் தொழில் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். அழுக்குத் துணியை அழுக்காகவே திருப்பிக் கொடுத்தார். இரண்டு விரலால்தான் பிடித்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அதை உள்பாக்கெட்டில் வைத்து, பொத்தானையும் போட்டுவிட்டார். பிறகு விரல்களைப் புல்லில் துடைத்தார். புல்லில் என்ன கிடந்தது என்பதைத்தான் முன்பே சொல்லியாகிவிட்டதே.

"கர்மம்" என்றார்.

அப்போது தம்பி வந்து சேர்ந்தான். தலையிலிருந்து கால்வரை கறுப்பு. கண் இரண்டு மட்டும் வெள்ளை. கையில் ஷூ, அதிலிருந்து சேறு சொட்டியது. ஷூவைத் தூக்கிக் காட்டிச் சிரித்தவன், இரண்டு பெண்களும் பேசாமல் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். கல்மேல் வரிசையாக இருந்த பல்லையும் பிஸ்கட்டையும் பார்த்தான். அவனுக்கு நகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அக்கா... பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லுக்கா."

அக்கா எதிரில் விரிந்த பழுப்பையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, மூக்கைச் சுருக்கினார்.

"இவ துவைக்க மாட்டா" என்றார்.

தம்பியின் தோள் தொங்கியது. "சரிக்கா" என்று மெல்ல ஷூவைக் கீழே வைத்தான்.

"என்ன சரி? முழுசாக் கேளுடா மண்டு! இவ துவைக்க மாட்டா. அதனால அங்க போனப்புறம் உன் துணிய வாராவாரம் நம்ம கடையிலயே கொண்டுவந்து போடு. ஒண்ணு பாக்கி இல்லாம. கைக்குட்டைய மட்டும் நீங்களே வச்சுக்கிட்டு நாசமாப் போங்க."

தம்பிக்குப் புரிய நேரம் எடுத்தது. கம்பவுண்டரம்மாவுக்கு எடுக்கவில்லை. "அண்ணி!" என்று ஒரு சத்தம், அடுத்த கணம் அக்கா, முழங்கை வரை ஆட்டுக்குள் போய்வந்த அந்தக் கைகளுக்குள் இறுகக் கிடந்தார்.

"விடு, விடு! மூச்சு முட்டுது. நாத்தம் வேற" என்றார் அக்கா. அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அன்றைக்குச் சேறாடிய சட்டையை வீட்டுக்கு வந்ததும் தம்பி கழற்றிப் போட்டான். அக்கா அதை யாருக்கும் தெரியாமல் எடுத்து, ஒரு பையில் சுருட்டி, தன் துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். துவைக்கப் போவதில்லை. ஒரு கம்பவுண்டரால் முடிவது தன்னால் முடியாதா என்ற வீம்பு.

முடியவில்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அழுகிய புல்லும் ஆட்டுப்பட்டியும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. தம்பியின் வாசனை அதற்குள் எங்காவது இருந்திருந்தால், பாவம், அதுவும் மூச்சுத் திணறிச் செத்திருக்கும். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு சட்டையை எடுத்து, பாக்கெட்டைத் துழாவிவிட்டு, சூடான தண்ணீரில், இரட்டை சோப்பில் போட்டார். சட்டை வெள்ளையாக வந்தது. இடது கை மடிப்பில் மட்டும் மேட்டு மண்ணின் பழுப்பு, உள்ளங்கை அகலத்துக்கு நின்றுவிட்டது. அதற்கென்றே ஒரு மருந்துப் புட்டி கடை அலமாரியில் இருந்தது. அக்கா அதை எடுத்தார், மூடியைத் திறந்தார், முகர்ந்து பார்த்தார், திரும்ப மூடி வைத்துவிட்டார்.

கல்யாணம் முடிந்து ஆஸ்பத்திரி வீட்டுக்குப் போன தம்பி, தினமும் காலையில் இஸ்திரி மேசைக்கு வந்துவிடுகிறான், ரோமம் ஒட்டிய சட்டையோடு. ஒருநாள் கேட்டான்: "அக்கா, அன்னிக்கு மேட்டுக்குப் போட்டுட்டு வந்தேனே, அந்தச் சட்ட எங்க?"

"கறை போகல. வச்சிருக்கேன்."

"உன்கிட்டயா போகல? நம்புற மாதிரியா இருக்கு?"

"போடா, போய் வேலையப் பாரு. ஆவி வீணாப் போகுது பாரு."

சட்டை மாடி அலமாரியில்தான் தொங்குகிறது. அக்காவுக்கு அந்தக் கறையைப் பார்த்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் கூசும். அலமாரியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.